ஜன்னல் சில்லுக்கு எந்தக் கல்? சொந்த வீடு கட்டும் நெய்வேலிக்காரர்கள் கவனத்துக்கு

நெய்வேலி டவுன்ஷிப்பில் எந்த வட்டத்தில் குடியிருந்தாலும் வீடு நிறுவனத்துடையது. ஜன்னலுக்கு அடியில் என்ன கல் இருக்கிறது என்று குடியிருப்பவர் யோசிக்க வேண்டிய தேவையே வராது. பணி ஓய்வு நெருங்கி, வடக்குத்து, இந்திரா நகர் பக்கமோ பண்ருட்டி, விருத்தாசலம் பக்கமோ மனை வாங்கி வீடு கட்ட ஆரம்பிக்கும்போதுதான் எல்லா முடிவும் நம் தலையில் வந்து விழுகிறது.

தரைக்கு டைல்ஸ், சமையல் மேடைக்குக் கிரானைட் என்று பத்துக் கடை ஏறி இறங்குகிறோம். ஜன்னலுக்கு வெளிப்பக்கம் வைக்கிற சில் கல் என்று வந்தால் மட்டும், "நீங்களே ஏதாவது பார்த்துப் போடுங்க மேஸ்திரி" என்று சொல்லிவிடுகிறோம். அடுத்த ஐப்பசி மழையில் ஜன்னலுக்குக் கீழே, வீட்டுக்குள்ளே, பெயின்ட் உப்பி உதிர ஆரம்பிக்கிறது. ஓய்வூதியப் பணத்தில் கட்டிய வீட்டில் இப்படி ஓதம் ஏறினால் மனசு தாங்குமா? கொஞ்சம் முன்யோசனை இருந்தால் இதைத் தவிர்க்கலாம்.

சில் செய்யும் வேலை என்ன?

ஜன்னல் சட்டத்துக்கு அடியில், சுவரின் மேல் படுக்கையாக வைக்கும் பலகைக் கல்லைத்தான் சில் என்கிறோம். அதன் வேலை ஒன்றுதான். கண்ணாடியில் வழிந்து வரும் மழைநீர் சுவருக்குள் இறங்காமல், சுவரைத் தொடாமல், வெளியே தள்ளி விழச் செய்ய வேண்டும்.

இது ஏன் முக்கியம்? செங்கலுக்கும் சாம்பல் கல்லுக்கும் தண்ணீர் குடிக்கும் குணம் உண்டு. 24 மணி நேரம் ஊறவைத்தால் எடையில் 20 சதவீதம் வரை தண்ணீர் உறிஞ்சுவதை இந்தியத் தர நிர்ணயமே அனுமதிக்கிறது. அதாவது 3 கிலோ எடையுள்ள கல் ஒன்று 600 கிராம் தண்ணீரை வைத்துக்கொள்ளலாம். நெய்வேலிச் சுற்றுவட்டாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த கல் தாராளமாகக் கிடைக்கிறது, பலரும் அதில்தான் கட்டுகிறார்கள். கல்லில் குறை இல்லை. ஆனால் சுவரின் மேல்முகம் திறந்து கிடப்பது ஜன்னலுக்கு அடியில்தான். அந்த இடத்தை மூடும் மூடிதான் சில்.

நம்ம ஊர் மழை நேராகப் பெய்யாது

"மேலேதான் சன்ஷேடு இருக்கே, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. தூறலுக்கு அது சரி. கடலூர் மாவட்டத்துக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, காற்றோடு சேர்ந்து வருகிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தபோது பண்ருட்டி வட்டாரத்தின் பலா, முந்திரி மரங்களே வேரோடு சாய்ந்தன. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. இப்படிப்பட்ட நாளில் சாரல் சன்ஷேடுக்கு அடியில் புகுந்து அடிக்கும்.

இன்னொரு விஷயம். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும் என்பதால் வடக்கு, கிழக்கு ஜன்னல்களை மட்டும் கவனித்தால் போதும் என்று நினைக்காதீர்கள். புயல் நமக்கு வடக்கே கரை ஏறினால் காற்று மேற்கிலிருந்து திரும்பி அடிக்கும். நாலு பக்க ஜன்னலுக்கும் ஒரே கவனிப்பு தேவை.

எந்தப் பொருள் எப்படி?

வெறும் சிமென்ட் பூச்சு: செலவு குறைவு. ஆனால் பகல் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கிச் சுருங்கி மேல்முகத்தில் மயிரிழை வெடிப்பு விடும். தண்ணீர் இறங்க அது போதும். தற்காலிக ஏற்பாடாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடப்பா கல்: ஆந்திராவிலிருந்து வரும் கருப்பு நிறச் சுண்ணாம்புக்கல். விலை குறைவு, எல்லா ஊரிலும் கிடைக்கும். வீட்டுக்குள் அலமாரித் தட்டுக்கு அருமையான கல். வெளியே வெயில், மழையில் கருப்பு வெளுத்துச் சாம்பல் நிறமாகும். சில கற்களில் ஏடு ஏடாகப் பெயரும். வீட்டு வேலை முடிந்ததும் சிமென்ட் கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவுகிறார்களே, அது இந்தக் கல்லை அரித்துவிடும். பட்ஜெட் இடித்தால் போடலாம். ஆனால் ஏடு பிரியாத, தடிமனான கல்லாகத் தேர்ந்தெடுங்கள்.

மார்பிள்: இதுவும் சுண்ணாம்பு வகைதான். ஆசிட் ஆகாது, பளபளப்பு சீக்கிரம் போகும், கறையும் பிடிக்கும். சுரங்கமும் அனல்மின் நிலையமும் உள்ள ஊரில் தூசி படியாத ஜன்னல் இல்லை. வெள்ளை மார்பிளைத் துடைத்து மாளாது. வெளிப்பக்கத்துக்கு வேண்டாம்.

கிரானைட்: நம் தேவைக்கு முதல் தேர்வு இதுதான். தண்ணீரை உறிஞ்சுவது மிகவும் குறைவு, வெயிலுக்கும் அசையாது. தமிழ்நாட்டிலேயே கிருஷ்ணகிரி, தர்மபுரி, விழுப்புரம் மாவட்டங்களில் கிரானைட் வெட்டி எடுக்கப்படுகிறது. 16 முதல் 18 மில்லிமீட்டர் தடிமன் போதும். தூசி தெரியாமல் இருக்கச் சாம்பல் நிறமோ புள்ளி போட்ட கல்லோ எடுக்கலாம். எட்டு ஜன்னல், ஒவ்வொன்றுக்கும் நாலரை அடி நீளம், ஓரடி அகலம் என்று வைத்தாலும் மொத்தம் 36 சதுர அடிதான். சமையல் மேடைக்கு வாங்கும் கடையிலேயே கட் பீஸ் கேட்டுப் பாருங்கள், விலை இன்னும் குறையும்.

டைல்ஸ்: விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீர் குடிக்காது. சிக்கல் அதன் இணைப்புகளில். நாலடி ஜன்னலுக்கு இரண்டு துண்டு வைத்தால் நடுவில் ஒரு கோடு வரும். அந்தக் கோட்டில் பூசிய கலவை விட்டுப்போனால் தண்ணீர் உள்ளே போகும். முன்விளிம்பும் மெல்லியது, ஏணி இடித்தாலே உடையும். போடுவதாக இருந்தால் இணைப்பே வராத நீளமான டைல்ஸாக வாங்குங்கள்.

முன்வார்ப்புக் கான்கிரீட் பலகை: சரிவு, விளிம்பு, பள்ளக்கோடு எல்லாவற்றையும் அச்சிலேயே வைத்து வார்த்துக்கொள்ளலாம். நல்ல வழி. உள்ளே போடும் கம்பி மேற்பரப்புக்குப் பக்கத்தில் வந்துவிடக் கூடாது. வந்தால் துருப்பிடித்து ஊதி, கான்கிரீட்டைப் பிளந்துவிடும்.

மரம்: வெளிப்பக்கச் சில்லுக்கு வேண்டவே வேண்டாம். மழையும் கரையானும் விடாது.

கல்லைவிடக் கைவேலை முக்கியம்

விலை உயர்ந்த கிரானைட்டைத் தட்டையாகப் பதித்தால் ஒழுகும். சாதாரண கடப்பாவை ஒழுங்காகப் பதித்தால் ஒழுகாது. வித்தியாசம் ஐந்து விஷயங்களில் இருக்கிறது.

1. வாட்டம். கல் வெளிப்பக்கமாகச் சரிந்து இருக்க வேண்டும். அரையடி அகலத்துக்குக் கால் அங்குலமாவது இறக்கம் வேண்டும். ரசமட்டம் வைத்து நீங்களே பாருங்கள்.

2. வெளிநீட்டம். பூச்சு வேலை முடிந்த சுவரிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் கல் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பூச்சுக்கு முன்னால் அளந்துவிட்டுப் பிறகு ஏமாறாதீர்கள், பூச்சே அரை அங்குலத்துக்கு மேல் தின்றுவிடும்.

3. அடிப்பள்ளம். கல்லின் அடிப்பக்கம், முன்விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளி, நீளவாக்கில் ஒரு கோடு வெட்ட வேண்டும். கல் கடையில் 'குரூவ்' என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். விளிம்பைச் சுற்றி அடிப்பக்கமாக ஊர்ந்து வரும் தண்ணீர் இந்தப் பள்ளத்தைத் தாண்ட முடியாமல் சொட்டிவிடும். இது இல்லாவிட்டால் தண்ணீர் சுவர்வரை ஊர்ந்து போய், ஜன்னலுக்குக் கீழே கருப்புக் கோடுகளாக வழியும்.

4. இரு முனைகள். கல் ஜன்னல் அகலத்துக்குச் சரியாக நின்றுவிடக் கூடாது. இரண்டு பக்கமும் இரண்டு அங்குலமாவது சுவருக்குள் போக வேண்டும். ஒழுகல் பெரும்பாலும் இந்த மூலைகளில்தான் தொடங்கும்.

5. சட்டத்துக்கும் கல்லுக்கும் நடுவே. இந்த இடைவெளியைச் சிமென்ட் பால் ஊற்றி மூடினால் வெடித்துவிடும். வெளிப்புறப் பயன்பாட்டுக்கான சிலிகான் போடச் சொல்லுங்கள். யுபிவிசி ஜன்னல் என்றால் சட்டத்தின் அடியில் தண்ணீர் வெளியேறச் சின்ன ஓட்டைகள் இருக்கும். கல்லையோ கலவையையோ உயர்த்தி வைத்து அவற்றை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடைத்தால் தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும்.

கிரில் பற்றியும் ஒரு வார்த்தை. கிரில் கம்பியின் காலை ஊன்றுவதற்காகச் சில் கல்லில் துளை போடுகிறார்கள். அந்தத் துளை வழியாகத் தண்ணீர் இறங்கும், கம்பியும் துருப்பிடிக்கும். கிரில்லைச் சட்டத்திலோ பக்கச் சுவரிலோ பொருத்துவது நல்லது.

கடையில் செய்து பார்க்க மூன்று சோதனைகள்

* பாலிஷ் போடாத பக்கத்தில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, பத்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். ஈரத் திட்டு மறையாமல் இருந்தால் அது தண்ணீர் குடிக்கிற கல்.
* ஓரத்தில் எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தாலோ மினுமினுப்பு மங்கினாலோ அதில் சுண்ணாம்பு இருக்கிறது, கிரானைட் அல்ல.
* கருப்புக் கிரானைட் என்றால் நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்ட வெள்ளைத் துணியால் தேயுங்கள். துணி கருத்தால் கல்லுக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். வெயிலில் வெளுத்துவிடும்.

பேச்சை எழுத்தாக்குங்கள்

2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளம், முதல் தளத்தோடு வீடு கட்டுபவர்களுக்கு, 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையவழியே உடனடி கட்டட அனுமதி தரப்படுகிறது. ஒற்றைச் சாளர முறையில் அனுமதி வந்துவிடும். வீட்டின் மற்ற சாளரங்களுக்கு நீங்கள்தான் பொறுப்பு! வரைபடத்தில் ஜன்னலின் நீள அகலம் இருக்கும், சில் கல்லின் வாட்டமும் பள்ளமும் இருக்காது.

அதனால் ஒப்பந்ததாரரோடு போடும் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: "வெளிப்பக்கச் சில்: 18 மி.மீ. கிரானைட், வெளிநீட்டம் 2 அங்குலம், அடியில் பள்ளக்கோட்டுடன், வெளிநோக்கிய வாட்டத்துடன்." எழுதியிருந்தால் பிறகு "அப்படியா சொன்னீங்க சார்?" என்ற பேச்சுக்கே இடமில்லை. கல் வாங்கும்போது ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்கி, கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். கல் பதிக்கும் நாளிலும் அடிப்பள்ளம் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி வீடு கட்டித் தருவதும் ஒரு சேவை. ஒப்புக்கொண்டபடி செய்யாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.

கடைசியாக, பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு வாளித் தண்ணீரைச் சட்டத்தின் மேல் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் கல்லின் விளிம்பிலிருந்து சொட்ட வேண்டும், சுவரில் வழியக் கூடாது. வழிந்தால் அன்றைக்கே சரிசெய்யச் சொல்லுங்கள். கொத்தனாரும் சாரமும் இருக்கும்போது அது அரை நாள் வேலை. கிரகப்பிரவேசம் முடிந்த பிறகு கல்லைப் பெயர்ப்பது, பூசுவது, பெயின்ட் அடிப்பது என்று செலவு மூன்றாகும்.