மிஷின் ஓடினால் அரட்டை, ஊசி ஓடினால் கதை!

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வாங்க. தரையைப் பார்த்து அடி வையுங்கள், குண்டூசி எங்கே கிடக்கும் என்று யாருக்கும் தெரியாது! இடப்பக்கம் மலையாகக் குவிந்திருப்பவை பழைய சுங்குடிச் சேலைகள். வலப்பக்கம் அடுக்கியிருப்பவை புத்தகங்கள். நடுவே பாயில் உட்கார்ந்திருப்பவர்கள் என் பெரியம்மா, மதினி, எதிர்வீட்டு அக்கா, ப்ளஸ் ஒன் படிக்கும் அவர் மகள். மதுரையில் எங்கள் வீட்டுக் கூடம் இது. இத்தனை பேருக்கும் ஒரே நாளில் ஓய்வு வாய்ப்பது அபூர்வம். வாய்த்துவிட்டால் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் காலையிலேயே தயாராகிவிடும். அப்புறம் இருட்டும்வரை தையலும் புத்தகமும்தான்.

வருகிறவர்கள் ஒரு பழந்துணியும் ஒரு பிடித்த புத்தகமும் கொண்டுவர வேண்டும். எங்கள் சட்டம் அவ்வளவுதான். ஆனால் அதற்குள் எத்தனை உட்பிரிவுகள் தெரியுமா! துணி வெட்டும் கத்தரிக்கோலால் காகிதத்தை வெட்டக் கூடாது. வெட்டினால் முனை மழுங்கி அடுத்த துணியைக் கடித்துக் குதறிவிடும். அதனால் துணிக் கத்தரியின் பிடியில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறோம். முறுக்கு, வடை, பஜ்ஜிக்கு மாலைவரை தடை. எண்ணெய்க் கை சேலையிலும் படக் கூடாது, பக்கத்திலும் படக் கூடாது. தட்டில் இருப்பது பொரிகடலையும் உலர்திராட்சையும் மட்டுமே.

இன்னொரு ஏற்பாடு தானாக அமைந்தது, எனக்கு மிகவும் பிடித்தது. மிஷின் ஓடும்போது யாராலும் வாசிக்க முடியாது, சத்தம் அமுக்கிவிடும். ஆகவே காலையில் மிஷின் வேலை, கூடவே புத்தகச் சண்டை. சாப்பாட்டுக்குப் பிறகு கைத்தையல். அப்போது ஒருவர் வாசிப்பார், மற்றவர்களின் கை வேலை செய்யும், காது கதையில் இருக்கும். சமைத்துக்கொண்டோ டிவி பார்த்துக்கொண்டோ கதை கேட்டுப் பார்த்துவிட்டேன். பாதி நழுவிவிடுகிறது. ஓட்டுத்தையல் போடும்போது மட்டும் ஒரு வாக்கியம்கூட நழுவுவதில்லை. கண்ணும் கையும் ஒரே கோட்டில் போய்க்கொண்டிருக்க, மனசு முழுக்கக் கதைக்குக் கிடைக்கிறது. இதற்காகவே எல்லோரும் தைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பேன்!

சரி, காலைக் காட்சிக்குப் போவோம். பெரியம்மாவின் கால்மிஷின் உஷா. தோல் வார் போட்டது. எண்ணெய் விட்டு, பழந்துணியில் நாலு வரி ஓட்டி, கறை வரவில்லை என்று பார்த்த பிறகுதான் நல்ல துணி அடியில் போகும். இன்று அதில் ஏறுவது சுங்குடித் துண்டுகள். சதுரமாக வெட்டி ஒன்றோடொன்று இணைத்துப் போர்வையின் மேல்பக்கம் தயாராகிறது. மெல்லிய பருத்தி என்பதால் 11-ஆம் நம்பர் ஊசி.

அக்கா ஒரு சேலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இதை வெட்டாதீங்க, இது கைக்கட்டு" என்றார். ஓடிப் போய்ப் பார்த்தோம். அக்கா சௌராஷ்டிரக் குடும்பம். அவர் அம்மா சுங்குடிக்கு முடிச்சுப் போட்டவர். துணியைத் துளியாகக் கிள்ளி எடுத்து, நூலால் இறுகச் சுற்றிக் கட்டிச் சாயத்தில் முக்குவார்கள். முடிச்சுக்குள் சாயம் ஏறாது. அவிழ்த்தால் அந்த இடம் புள்ளியாக நிற்கும். அருகில் வைத்துப் பார்த்தால்தான் அதன் அழகு! ஒரு புள்ளி வட்டம், அடுத்தது கொஞ்சம் சதுரம், இன்னொன்று ஒரு பக்கம் நீண்டிருக்கிறது. அச்சடித்த புள்ளிகளோ எல்லாம் ஒரே அளவு. அந்தச் சேலையை மடித்துத் தனியே வைத்துவிட்டோம். போர்வையின் நடுவில் முழுசாக வரப்போகிறது.

இதற்குள் அக்கா மகள் மிஷினின் அடித்தகட்டைத் திறந்துவிட்டாள். "மேலே ஒரு நூல், கீழே ஒரு நூல். ரெண்டும் எப்படிச் சேருது பெரியம்மா?" இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் மாதிரி பெரியம்மா எழுந்து வந்தார்! சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினார். ஊசி துணிக்குள் இறங்கியது. ஏறத் தொடங்கும் கணத்தில் ஊசிக்குப் பக்கத்தில் நூல் தளர்ந்து சின்னக் கண்ணியாக விரிந்தது. அடியிலிருந்த கொக்கி அந்தக் கண்ணியைக் கவ்வி இழுத்து, பாபினை ஒரு சுற்றுச் சுற்றவைத்து விட்டது. ஊசி மேலே போனது, முடிச்சு விழுந்தது. "இன்னொரு தடவை!" என்றாள். இன்னொரு தடவை. அப்புறம் எனக்காக ஒரு தடவை!

இதெல்லாம் சாத்தியமாவது ஊசியின் காது முனைப்பக்கம் இருப்பதால்தான். கையூசிக்குக் காது மேலே. மிஷின் ஊசிக்குக் கீழே. முனையில் காதுள்ள ஊசியையும் அடிநூலையும் சேர்த்து இந்தத் தையலுக்கு எலியாஸ் ஹோவ் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1846-ல். ஐசக் சிங்கர் தன் மிஷினுக்கு வாங்கியது 1851-ல். இயந்திரங்களைக் கடுமையாக விமர்சித்த காந்தியே 1924-ல், சிங்கர் தையல் மிஷினுக்கு விலக்கு உண்டு என்றார். மூன்று வருடம் முன்பு, 1921-ல், இதே மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான் அவர் சட்டையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். சட்டையை விட்டவர் தையல் மிஷினை விடவில்லை என்பதைச் சொன்னதும் பெரியம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே! காந்தி நேரில் வந்து அவர் உஷாவைப் பாராட்டிவிட்டுப் போனது மாதிரி ஒரு பெருமிதம்.

தையல்காரரும் புத்தகக் கடையும் அடுத்தடுத்து இருந்த இடம் மதுரையில் ஒன்று உண்டு. மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபம். சிற்பத் தூணுக்குத் தூண் மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்துத் தூணில் புத்தகக் கடை. பாவாடைக்கு அளவு கொடுத்துவிட்டு, தைத்து முடியும்வரை புத்தகம் புரட்டலாம். கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. மண்டபம் காப்பாற்றப்பட வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்தத் தூண்களுக்கு இடையில் கேட்ட மிஷின் சத்தத்துக்காக எனக்கு இன்னும் ஏக்கம் உண்டு.

பகல் ஒன்றரை. மிஷினுக்கு மூடி போட்டாயிற்று. முதல் வாசிப்பு மதினியுடையது, கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்'. 1976-ல் வந்த நாவல். மதினிக்குப் பிறந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம், கி.ரா.வின் இடைசெவல் அவருக்குக் கூப்பிடு தூரம். அதனால் இந்தப் புத்தகத்தை வேறு யாரும் வாசிக்க அவர் விடுவதில்லை, விடவும் கூடாது! நூறு வயதைத் தாண்டிய மங்கத்தாயாரம்மாள், தங்கள் முன்னோர் தெலுங்குச் சீமையிலிருந்து தப்பித் தெற்கே வந்த கதையைச் சொல்லும் பகுதி வந்தபோது மதினியின் குரலே மாறிவிட்டது. ஒரு பாட்டி சொல்ல, சுற்றியிருந்து கேட்கும் கதை அது. தனியாக மனசுக்குள் வாசித்தபோது எனக்குக் கிடைக்காத இழுப்பும் நிறுத்தமும் மதினியின் வாயில் கிடைத்தன. புரியாத சொல் வந்தால் அவரே நிறுத்தி விளக்குவார். கரிசல் பேச்சுக்கு அகராதியே தொகுத்தவரல்லவா கி.ரா.!

அடுத்து அக்கா. அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'. கதை முடிந்தபோது பெரியம்மா தைப்பதை நிறுத்தியிருந்தார். "இந்தப் பொம்பளைக்கு எங்க வீட்டு அடுப்படி எப்படித் தெரிஞ்சுது?" என்றார். அம்பைக்கு 2021-க்கான சாகித்ய அகாதெமி விருது கிடைத்ததை அக்கா சொன்னார். "கொடுக்கட்டும், நல்லாக் கொடுக்கட்டும்" என்று பெரியம்மா மறுபடி ஊசியை எடுத்தார். விருதுக் குழுவின் உரையை நான் கேட்டதில்லை. இதைவிட நன்றாக அவர்கள் சொல்லியிருப்பார்கள் என்று தோன்றவில்லை.

என் முறைக்கு நான் எடுத்துவந்தது ஜேன் ஆஸ்டினின் 'பிரைடு அண்டு பிரெஜுடிஸ்'. ஒரு அத்தியாயத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். அதைவிட எல்லோரையும் துள்ளவைத்தது அதன் பின்கதைதான். இங்கிலாந்தில் சாட்டன் என்ற சிற்றூரில் ஜேன், அவர் அம்மா, அக்கா கஸாண்ட்ரா மூவரும் துண்டுத் துணிகளை இணைத்து ஒரு போர்வை தைத்தார்கள். 1811-ல் அக்காவுக்கு எழுதிய கடிதத்தில், போர்வைக்குத் துணித்துண்டு சேர்த்தாயா என்று ஜேன் நினைவூட்டுகிறார். அவர் முதல் நாவல் அச்சில் வந்த வருடமும் அதுவே. அந்தப் போர்வை இன்றும் அந்த வீட்டிலேயே இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்! 1813 ஜனவரியில் 'பிரைடு அண்டு பிரெஜுடிஸ்' அச்சாகிப் பிரதி வீட்டுக்கு வந்த அன்று, தெரிந்த பெண்மணி ஒருவர் சாப்பிட வந்திருக்கிறார். மாலையில் அவருக்கு நாவலை வாசித்துக் காட்டினார்கள். எழுதியவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்று கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை! "அடிப்பாவி!" என்று மதினி வாய்விட்டுச் சிரித்தார். போர்வையும் நாவலும் உருவான வீடு என்றால் எங்களுக்குச் சொந்தக்காரர் வீடுதானே.

இனி இந்த நாளின் உச்சம். பெரியம்மா மஞ்சள் பையைப் பிரித்தார். உள்ளே அம்மாச்சியின் பைண்டு வால்யூம், 'தில்லானா மோகனாம்பாள்'. 1950-களில் ஆனந்த விகடனில் கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் எழுதியது. படம் கோபுலு. அம்மாச்சி வாராவாரம் பக்கங்களை எடுத்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்திருக்கிறார். அன்றைக்குத் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் புத்தகங்கள் இப்படித்தான் உருவாயின. எங்கள் பிரதியின் முதுகு பிரிந்து, தாள்கள் நழுவ ஆரம்பித்துவிட்டன. இன்று அதைத் தைக்கப் போகிறோம்!

அச்சகத்துப் புத்தகத்தில் தாள்கள் கட்டுக்கட்டாக மடிந்திருக்கும், மடிப்புக்குள் நூல் ஓடும். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் கெட்டி அட்டைத் தமிழ்ப் புத்தகங்கள் இன்னும் பிரியாமல் இருப்பது அந்தத் தையலால்தான். பத்திரிகையிலிருந்து எடுத்தவை உதிரித் தாள்கள். மடிப்பே கிடையாது. அதனால் ஓரத்தில் குத்தூசியால் துளை போட்டு, மேலிருந்து கீழே ஊடுருவித்தான் தைக்க முடியும். பைண்டு வால்யூமை விரித்தால் தட்டையாகப் படியாமல் அடம்பிடிப்பதும், உள்ளோரத்து எழுத்து மடிப்புக்குள் ஒளிந்துகொள்வதும் இதனால்தான். மிஷினில் ஏற்றலாமே என்று அக்கா மகள் கேட்டாள். கூடவே கூடாது. நெருக்கமாகத் துளை விழுந்தால் தாள் தபால்தலை ஓரம் மாதிரிக் கிழிந்து வந்துவிடும்.

பழைய பசையை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தோம். தாள்களைத் தட்டி ஓரம் சேர்த்து, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து மேலே அம்மிக்குழவியை ஏற்றினோம். புதுத் துளை வேண்டாம், பைண்டர் போட்ட பழைய துளைகளே போதும் என்று பெரியம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். நூலை மெழுகுவத்தியில் இழுத்து உரமேற்றி, கனத்த ஊசியில் கோத்தார். உள்ளே போய் வெளியே வந்து, முதுகைச் சுற்றி, அடுத்த துளை. ஒவ்வொரு இழுப்பிலும் தாள்கள் நெருங்கி உட்கார்வது கண்ணுக்குத் தெரிந்தது. அடுப்படியில் மதினி மைதாப் பசை காய்ச்சினார். பூச்சி வராமலிருக்கப் பைண்டர்கள் அதில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம் என்பதால் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி.

தைக்கும்போதே ஓரக்கண்ணால் எல்லோரும் படித்துக்கொண்டிருந்தோம்! பக்கத்தின் பின்புறம் பாதி துணுக்கு, தலை வெட்டுப்பட்ட விளம்பரம், முடிவில்லாத ஒரு சிரிப்பு. நாதஸ்வரத்தோடு சண்முகசுந்தரம் நிற்கும் படத்தை அக்கா மகள் வெகுநேரம் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் 1968 படத்து சிவாஜியும் பத்மினியும்தான். "ஒரு வாரம் முழுக்கக் காத்திருந்தா அடுத்தது வருமா? எப்படித் தாங்கினாங்க?" என்றாள். ஏழு வீட்டுக்கு ஒரு விகடன், அதற்கும் வரிசை இருந்தது என்றார் பெரியம்மா.

அட்டைக்கு மேல் ஒட்டச் சுங்குடித் துண்டு தேர்ந்தெடுப்பதில் பெரிய விவாதம். மயில்கழுத்து நிறம் ஜெயித்தது. பசை காயும்வரை வால்யூமைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. அதற்குள் வாசலில் பருத்திப்பால் வண்டி மணி அடித்தது. பருத்தி விதையில் காய்ச்சிய பாலைக் குடித்துக்கொண்டு பருத்தித் துணி தைப்பது மதுரைக்காரர்களுக்கு மட்டும் வாய்த்த சுகம்!

புறப்படும் நேரத்தில் புத்தகங்கள் கைமாறின. அம்பை மதினியோடு போகிறார், கி.ரா. எதிர்வீட்டுக்குப் போகிறார். தில்லானாவைத் தனக்குத் தரச் சொல்லி அக்கா மகள் கெஞ்சினாள். வீட்டைவிட்டு அது வெளியே போகாது என்று பெரியம்மா கையை விரித்தார். கடைசியில் பேரம் படிந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் தினம் வந்து ஒரு அத்தியாயம் இங்கேயே வாசிக்கலாம், ஆனால் பெரியம்மாவுக்குக் கேட்கும்படி சத்தமாக வாசிக்க வேண்டும். நாளைக்கே வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினாள். பெரியம்மா இப்போதே எம்மிங் போட வேண்டிய துணிகளைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்.