அணுக் கடிகாரத்துக்குள் ஒரு விளக்கு

இணையத்தில் இணைந்தவுடன் உங்கள் கம்ப்யூட்டரின் கடிகாரம் தானாகவே சரியாகிவிடுகிறது அல்லவா? அந்த நேரம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனால் கடைசியில் அணுக் கடிகாரத்தில்தான் போய் நிற்போம். அணு தேயாது, மாறாது. அப்படியானால் அணுக் கடிகாரம் ஏன் பிசகுகிறது? கல்லூரி நாட்களிலிருந்தே எனக்குள் இருந்த கேள்வி இது. அதன் விடையில் ஒரு பகுதி, கடிகாரத்துக்குள் எரியும் விளக்கில் இருக்கிறது. ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்களில் உள்ள ரூபிடியம் கடிகாரத்தை வைத்து இதைப் பார்ப்போம்.

எப்படி இயங்குகிறது?

நேரத்தை எண்ணுவது குவார்ட்ஸ் படிகம்தான். அதைக் கொண்டு சுமார் 6.8347 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் உருவாக்கி, ரூபிடியம்-87 ஆவி நிரம்பிய கண்ணாடிக் குப்பிக்குள் செலுத்துகிறார்கள். ரூபிடியம் விளக்கின் ஒளியும் அதே குப்பி வழியாகச் சென்று ஒளி உணரியை அடைகிறது. மைக்ரோவேவ் அணுவின் அதிர்வெண்ணுடன் பொருந்தினால் ஆவி கூடுதல் ஒளியை விழுங்கும். உணரியில் வெளிச்சம் லேசாகக் குறையும். இந்தக் குறைவைப் பார்த்துத்தான் சர்க்யூட் குவார்ட்ஸைத் திருத்துகிறது.

பிரச்னை எங்கே?

விளக்கின் ஒளி, அணுவின் ஆற்றல் மட்டங்களையே சற்று நகர்த்திவிடுகிறது. இதை 'லைட் ஷிஃப்ட்' என்பார்கள். எனவே வெளிச்சம் மாறினால் அதிர்வெண்ணும் மாறும். மாற்றம் ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்குதான் என்றாலும், ஒரு நாளில் 86 நானோ வினாடி சேர்ந்துவிடும். அதற்குள் ஒளி சுமார் 26 மீட்டர் போய்விடும்! கடிகாரம் ஒரே சீராகப் பிசகினால் தரை நிலையத்தில் கணித்துத் திருத்தலாம். விளக்கின் வெளிச்சம் திடீரென்று தாவினால் முன்கூட்டிக் கணிக்க வழியில்லை.

தீர்வுகள்

1. விளக்கைச் சிறிய அடுப்பு போன்ற அறையில் வைத்து, வெப்பநிலையை 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒரே அளவில் காப்பது.

2. விளக்கை எரியவைக்கும் ரேடியோ அலையின் சக்தியை மாறாமல் வைப்பது.

3. ஒளியை ரூபிடியம்-85 ஆவி வழியே வடிகட்டுவது. அந்த வடிகட்டியின் வெப்பநிலையைப் பொருத்தமாக அமைத்தால் லைட் ஷிஃப்ட் ஏறக்குறைய பூஜ்யமாகும்.

4. விளக்குக்குப் பதில் லேசரைத் துடிப்புகளாகப் பயன்படுத்துவது. ஒளியால் அணுக்களைத் தயார் செய்து, அதை அணைத்துவிட்டு, இருட்டில் மைக்ரோவேவைச் செலுத்துவார்கள். பிறகு மீண்டும் ஒளியைப் பாய்ச்சி விடையைப் படிப்பார்கள். இத்தாலியின் டூரின் நகரிலுள்ள ஐ.என்.ஆர்.ஐ.எம். ஆய்வகம் இம்முறையை வளர்த்தெடுத்தது.

2023 மே 29 அன்று இந்தியா ஏவிய என்.வி.எஸ்-01 செயற்கைக் கோளில் இந்தியாவிலேயே தயாரான ரூபிடியம் கடிகாரம் இருக்கிறது. அணுவை இயற்கையே தந்துவிட்டது. வெளிச்சத்தை நிலையாக வைப்பதுதான் இன்ஜினியர்களின் வேலை.