ஓட்டு இல்லாத தளபதி!

புலிகளுடன் நடந்த போர் 2009 மே மாதம் முடிந்தது. அந்தப் போரில் இலங்கை ராணுவத் தளபதியாக இருந்த சரத் பொன்சேகா நவம்பரில் உடுப்பைக் கழற்றினார்; அதிபர் தேர்தலில் குதித்தார். சின்னம் அன்னம். எதிரே மகிந்த ராஜபக்சே.

2010 ஜனவரி 26. ஓட்டுப்பதிவு அன்றுதான் குட்டு வெளிப்பட்டது. வாக்காளர் பட்டியலில் தளபதி பேரே இல்லை!

யாழ்ப்பாணத்தில் ஓட்டுப் போட்ட தமிழர்களில் பெரும்பாலோர் இவர் பக்கமே சாய்ந்தார்கள். போர் நடத்தியவர்கள் இருவருமே. வேறு யாருக்குப் போட? ஆனாலும் ஜெயித்தது ராஜபக்சே.

பிப்ரவரி 8-ல் தளபதி கைது! பட்டமும் பதக்கமும் பறிபோச்சு. 2012 மே மாதம்தான் விடுதலை. ஆட்சி மாறியதும், 2015-ல் பீல்டு மார்ஷல்!

2010-ல் கிடைத்தது 41 லட்சம் ஓட்டு. 2024-ல் மறுபடி நின்றார். சுமார் 22 ஆயிரம்தான்! சிப்பாய்க்கு உத்தரவு போடலாம். ஜனங்களுக்குப் போட முடியுமா?