பாட்டின் பின்னே

புதுச்சேரியில் வேணு நாயக்கர் என்பவர் இல்லத்தில் ஒரு திருமணம் நிகழ்ந்தது. விருந்து முடிந்தபின், நண்பர்கள் வேண்ட, இளைஞர் ஒருவர் பாரதியாரின் பாடலைப் பாடினார். அதனை அவையிலிருந்த ஒருவர் உற்றுக் கேட்டார். அவரே பாரதியார் என்பதைப் பாடியவர் அறியார். அவ்விளைஞர் கனக சுப்புரத்தினம். பின்னாளில் பாரதிதாசன் எனப் புகழ்பெற்றவர்.

பிறிதொரு நாள், நண்பர்கள் சூழ்ந்திருந்தபோது, பாட்டொன்று இயற்றுமாறு பாரதியார் அவரைப் பணித்தார். அவர் அங்கேயே எழுதிக் கொடுத்தார். பாரதியார் அதனைத் தம் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் எழுதியதெனக் குறித்துச் சுதேசமித்திரனுக்கு அனுப்பினார்.

இதனைக் கேட்போர், "பிறவிக் கவிஞர், நினைத்தவுடன் பாட்டு ஊற்றெடுத்தது!" என்று வியப்பர். வியப்பது இயல்பே. ஆனால் அச்சிறு பொழுதுக்குப் பின்னே, யாரும் காணாத ஆண்டுகள் பல இருந்தன.

1891இல் பிறந்த சுப்புரத்தினம், இளமையில் திருப்புளிசாமி ஐயரிடம் கல்வி தொடங்கினார். பின்னர்ப் பெரியசாமிப் பிள்ளை, பங்காரு பத்தர் ஆகிய புலவர்களிடம் தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். யாப்பிலக்கணம் ஒருமுறை படித்து மூடிவைக்கும் நூலன்று. எழுத்து அசையாகி, அசை சீராகி, சீர்கள் தளையால் பிணைந்து அடியாகும். தளை தட்டினால் வெண்பா சிதையும். பலகால் எழுதி, பலகால் அழித்துப் பழகியவர்க்கே ஓசை செவியில் நிலைக்கும். அதன்பின் விரல்விட்டு எண்ண வேண்டுவதில்லை. 1909இல் சுப்புரத்தினம் தமிழாசிரியரானார். பிறர்க்குக் கற்பிப்பதும் ஒரு பயிற்சிதானே!

அவ்வாறாயின் பாரதியார் கற்பித்தது யாது? 1908 முதல் 1918 வரை, ஆங்கில அரசின் கைக்கு எட்டாத பிரெஞ்சுப் புதுச்சேரியில் அவர் வாழ்ந்தார். பாஞ்சாலி சபதமும் குயில் பாட்டும் அங்கே பிறந்தவை. சுப்புரத்தினமோ அதுவரை பழைய புலவர் வழியில், கற்றோர்க்கே விளங்கும் நடையில் செய்யுள் யாத்து வந்தார். எளிய சொல்லிலும் பெரும்பொருள் அமையும் என்பதைப் பாரதியாரிடம் நேரில் கண்டார். அரும்பாடுபட்டுக் கற்ற கடுஞ்சொற்களை விட்டுவிடுவது, அவற்றைக் கற்பதினும் கடினம் என்றே தோன்றுகிறது. கண்முன் ஒருவர் செய்துகாட்டாவிடில் அதற்குத் துணிவு எளிதில் வாராது.

முப்பத்தேழு ஆண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றி அவர் 1946இல் ஓய்வு பெற்றார். பாரதியார் சக்தியை வழிபட்டவர். பாரதிதாசனோ பின்னாளில் கடவுள் மறுப்பைப் பாடியவர். கொள்கை இவ்வாறு வேறுபட்ட பின்னரும், 1964இல் மறையும்வரை, தம் ஆசானின் பெயரைத் தாங்கிய புனைபெயரை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.