ஒற்றைக் கன்றை நம்பாதே!

லேத், மில்லிங் என்று எழுதாமல் இவன் ஏன் பப்பாளியைப் பற்றி எழுதுகிறான் என்று சிரிக்காதீர்கள். முதலாமாண்டில் நான் பப்பாளியிலும் ஓர் அரியர் வைத்தவன். அந்தக் கதை உங்களுக்காவது உதவட்டும்.

பல் இல்லாத எங்கள் தாத்தாவுக்குப் பப்பாளி என்றால் உயிர். ஸ்பூனால் வழித்து வழித்துச் சாப்பிடுவார். தள்ளுவண்டியில் வாங்கிய உருண்டைப் பழத்தின் விதையைக் கொல்லையில் போட்டேன். நாலைந்து முளைத்தன. நல்லதாக ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்கிப் போட்டேன். கோடையில் ரெண்டு தெரு தள்ளி இருக்கிற அடிபம்பிலிருந்து தினம் ஒரு குடம் தண்ணீர் சுமந்தேன். ஆறாம் மாதம் பூத்தது. நீளக் காம்பில் கொத்துக் கொத்தாகத் தொங்கிய பூ! தாத்தா பார்த்துவிட்டு, "டேய், இது ஆம்பளை மரம்டா, காய்க்காது" என்றார். அவ்வளவுதான்.

ஏன் இப்படி? பப்பாளியில் ஆண், பெண், இருபால் என்று மூன்று வகை மரங்கள் உண்டு. கன்றைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, பூத்தால்தான் தெரியும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ.2 ரகத்தில் ஆண், பெண் தனித்தனி. விதையில் பாதி ஆணாகிவிடும். கோ.3, கோ.7 ரகங்களில் பெண்ணும் இருபாலும்தான், ஆண் கிடையாது.

கடைப் பழத்தில் ரகப் பெயரா எழுதியிருக்கும்? ஒரு வழி இருக்கு. உருண்டையான பழம் பெரும்பாலும் பெண் மரத்துப் பழம். நீளமான பழம் இருபால் மரத்துப் பழம். அது தன் மகரந்தத்தாலேயே காய்த்திருந்தால், விதையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இருபால், ஒரு பங்கு பெண். எல்லாமே காய்க்கும்! ஆகவே நீளப் பழத்து விதையை எடுங்கள். ஆனால் ரெட் லேடி போன்ற வீரிய ஒட்டு ரகமாக இருந்தால், தாய்ப் பழத்தின் ருசி அப்படியே வராது. மரத்துக்கு மரம் மாறும்.

இனி செய்முறை. விதையைச் சுற்றியுள்ள வழவழப்பான தோல் முளைப்பைத் தடுக்கும். சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். மண், மணல், மக்கிய எரு கலந்த பாலித்தீன் பையில் அரை அங்குல ஆழத்தில் நாலு விதை ஊன்றுங்கள். ரெண்டு மூணு வாரத்தில் முளைக்கும். ஒன்றரை, இரண்டு மாதத்தில் நல்ல வெயில் படும் இடத்தில் நடலாம். வேரில் தண்ணீர் தேங்கினால் தண்டு அழுகிச் சாய்ந்துவிடும், மேட்டில் நடுங்கள்.

முக்கியமான விஷயம், ஒரே கன்றை நம்பாதீர்கள். நம்ம கணக்குப் பாடம்தான்! பாதி ஆண் வரும் விதையாகவே இருந்தாலும், ஒரு கன்று வைத்தால் ஏமாற வாய்ப்பு 1/2. மூன்று வைத்தால் மூன்றுமே ஆணாக இருக்க வாய்ப்பு 1/8தான். பூத்த பிறகு வேண்டாததை வெட்டிக்கொள்ளலாம். அக்கம்பக்கத்தில் ஆண் மரமோ இருபால் மரமோ இல்லையென்றால், மகரந்தத்துக்காக ஓர் ஆண் மரத்தை விட்டு வையுங்கள்.

மாங்கொட்டை போட்டும் வளர்க்கலாம். ஆனால் பங்கனபள்ளிக் கொட்டையில் அதே பங்கனபள்ளி வராது. காய்க்கவும் பல வருஷம் ஆகும். அதற்குள் நாம் டிப்ளமோ முடித்து வேலைக்கே போயிருப்போம்! பப்பாளி பத்து மாதத்தில் பழம் தரும்.

அடுத்த வருஷம் நீளப் பழத்து விதையில் மூன்று கன்று வைத்தேன். ஒன்று மழையில் அழுகியது, இரண்டு காய்த்தன. முதல் பழத்தைத் தாத்தாவிடம் கொடுத்தேன். "இனிப்பு கொஞ்சம் கம்மிதான்டா" என்றார். ஆனால் ஸ்பூனைக் கீழே வைக்கவில்லை, தோல்தான் மிஞ்சியது.

நண்பர்களே, அடுத்த முறை பப்பாளி வாங்கும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். வடிவத்தையும் பாருங்கள்!