நாமும் முதலாளிகள்தான்

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் 35 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். டி.ஏ. தவணை தள்ளிப்போனால் மதிய இடைவேளையில் வாசலில் நின்று கோஷம் போட்டவர்களில் நானும் ஒருவன். 'முதலாளி' என்ற சொல் என்னையும் குறிக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. 2019 அக்டோபரில் அந்த நினைப்பு போயிற்று.

2007-இல் ஆர்.கே. புரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மயூர் விஹாரில் சொந்த ஃபிளாட்டுக்குக் குடிவந்தோம். அந்த வாரமே எங்கள் வீட்டு வேலைக்குச் சேர்ந்தார், வங்காளத்தின் மால்தா மாவட்டத்திலிருந்து பிழைக்க வந்த ஓர் அம்மாள். பாத்திரம் தேய்ப்பது, பெருக்கித் துடைப்பது என்று தொடங்கி, நாளடைவில் இட்லிக்கு அரைக்கும் பக்குவம்வரை கற்றுக்கொண்டார். எங்கள் வீட்டுச் சாவி அவரிடம் இருந்தது. அவர் வீட்டு விலாசம் எங்களிடம் இல்லை.

அந்த அக்டோபரில் அவருக்கு டெங்கு வந்து 9 நாள் வரவில்லை. முதல் தேதியன்று பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். மாதச் சம்பளம் 4,000. 9 நாளைக்கு 1,200 கழித்து 2,800 கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

அன்றிரவு சாப்பிடும்போது என் மனைவி கேட்டாள்: "உங்களுக்கு டைஃபாய்டு வந்து மூணு வாரம் படுத்திருந்தீங்களே, ஆபீஸ்ல எவ்வளவு பிடிச்சாங்க?"

ஒரு பைசாவும் பிடிக்கவில்லை. டாக்டர் சர்டிஃபிகேட் கொடுத்து மெடிக்கல் லீவில் முழுச் சம்பளமும் வாங்கியிருந்தேன்.

மறுநாள் அந்த 1,200-ஐ அவர் கையில் கொடுத்தேன். "இதை எப்போது திருப்பித் தர வேண்டும், பாபுஜி?" என்று இந்தியில் கேட்டார். கடன் என்று நினைத்துவிட்டார்! அது அவருக்குச் சேரவேண்டிய பணம் என்பது 12 வருஷத்தில் அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு, எனக்குக் கிடைத்தவை ஒவ்வொன்றையும் நினைத்துப் பார்த்து, நம்மால் இயன்றதை அவருக்குச் செய்யத் தொடங்கினோம்.

முதலாவது விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. 2011-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 189-ஆவது உடன்படிக்கை, வீட்டுவேலை செய்வோருக்கு வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்கிறது. இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை. நம் வீட்டளவில் ஏற்பதற்கு யாரும் தடை சொல்லப் போவதில்லை. நோய்க்கு எடுக்கும் லீவுக்கும் சம்பளம் உண்டு.

இரண்டாவது போனஸ். 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தில் குறைந்தபட்ச போனஸ் பிற்பாடு 8.33 சதவீதமாக ஆயிற்று. அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. தீபாவளிக்கு ஒரு புடவை கொடுத்து முடித்துக்கொண்டிருந்த நாங்கள், இப்போது துர்கா பூஜைக்கு முன்பே ஒரு மாதச் சம்பளம் தருகிறோம். பண்டிகை அவருடையதல்லவா?

மூன்றாவது கிராஜுவிட்டி. அப்போது நடைமுறையில் இருந்த 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கினால் ஒரு வருஷத்துக்கான தொகை. வீடுகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தவில்லை. ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 12 வருஷத்துக்குச் சுமார் 27,700 வந்தது. அதை இரண்டு தவணையாக அவர் பெயரில் தபால் அலுவலகத்தில் போட்டோம். 2019-இல் மத்திய அரசு தொடங்கிய சிரமயோகி மான்தன் திட்டத்தில், மாதம் 55 முதல் 200 ரூபாய்வரை கட்டினால் அரசும் அதே அளவு கட்டி, 60 வயதுக்குப் பின் மாதம் 3,000 பென்ஷன் தரும் என்று கேள்விப்பட்டு விசாரித்தேன். 40 வயதைத் தாண்டியவர்கள் அதில் சேர முடியாது. ஐந்து வருஷம் முந்திப் பிறந்துவிட்டார்! அவருடைய மருமகளைச் சேர்க்கச் சொன்னோம்.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். தனித் தம்ளர் போயிற்று. சமையலறையில் ஒரு ஸ்டூல் வந்தது. சம்பளம் கொடுத்த தேதியை நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுகிறோம்.

2020 மார்ச்சில் முழு அடைப்பு வந்தது. எங்கள் அடுக்ககத்தின் கேட்டில் வேலைக்காரர்களை உள்ளே விடவில்லை. இரண்டு மாதத்துக்கு மேல் நாங்களே பாத்திரம் தேய்த்தோம். சம்பளத்தை அவர் மகனுடைய கணக்குக்கு அனுப்பினோம். "அந்தப் பணத்தில்தான் வாடகை கட்டினோம், ஊருக்கு நடந்து போகாமல் இருந்தோம்" என்று ஜூன் மாதம் வந்து சொன்னார். முந்தைய அக்டோபரில் என் மனைவி அந்தக் கேள்வியைக் கேட்டிராவிட்டால் நான் என்ன செய்திருப்பேன் என்பதை நினைக்கவே பயமாக இருக்கிறது.

நம்மில் பலர் வேலை தேடி ரயிலேறி இங்கு வந்தவர்கள். சம்பளம், லீவு, பென்ஷன் இவற்றுக்காகத்தானே பாஷை தெரியாத ஊரில் வேரூன்றினோம்? நம் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவரும் அப்படி ரயிலேறி வந்தவர்தான்.

மே மாதம் வந்தால் பூட்டிவிட்டுக் கும்பகோணமோ திருநெல்வேலியோ கிளம்பிவிடுவோம். "நாங்கள் இல்லாத மாதத்துக்குச் சம்பளம் எதற்கு?" என்று நானும் பல வருஷம் கேட்டவன்தான். நாம் ஊரில் மாம்பழம் சாப்பிடும் அந்த மாதத்திலும் அவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். இந்தத் தடவை செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் ஏற்பாடு செய்யும்போதே, அந்த மாதச் சம்பளத்தையும் ஓர் உறையில் போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.