லயத்துக் கூரை ஒழுகுதா?

மழைக் காலம் வந்தால் லயத்து வீடுகளில் வாளியும் பேசினும் நடுவீட்டுக்கு வந்துவிடும். பிள்ளைகள் பாயை இழுத்துக்கொண்டு மூலை தேடும். நாங்கள் போன ஒரு தோட்டத்தில், "தார் பூசியும் ஒழுகுதுங்களே" என்றார் பால்மரம் வெட்டும் அம்மா ஒருவர்.

தார் வெயிலில் காய்ந்து வெடித்துவிடும், அம்மா. சிலிக்கோன்தான் நல்லது. அதிலும், வினிகர் போலப் புளிப்பு வாடை அடிக்கிறதை வாங்காதீர்கள். மலிவு டியூப் பெரும்பாலும் அதுதான், தகரத்தை அரித்துவிடும். 'நியூட்ரல்' என்று கேட்டு வாங்குங்கள்.

சொட்டுகிற இடத்துக்கு நேர்மேலே ஓட்டை இருக்கும் என்று நினைக்கவேண்டாம். தண்ணீர் தகரத்தின் அடியில் ஓடி வந்து சொட்டும். அதனால் மேட்டுப் பக்கத்து ஆணித் துளைகளைப் பாருங்கள். துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து, துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே பூசவேண்டும். ஆடுகிற ஆணிமேல் பூசிப் பயனில்லை. பிடுங்கிவிட்டு ரப்பர் வாசர் வைத்த திருகாணி போடுங்கள். ஆணி வரிசையில் மட்டும் கால் வையுங்கள், அடியில் சட்டம் இருக்கும். அஸ்பெஸ்டாஸ் கூரையா? ஏறவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். அந்தத் தூசி நெஞ்சுக்கு எமன்.

இதெல்லாம் அவசரத்துக்குத்தான். வீட்டைப் பழுதுபார்த்து வைப்பது நிர்வாகத்தின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டமே சொல்கிறது. கிராணியாரிடம் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். அசைவே இல்லையென்றால் அந்த நகலோடு சங்கக் கிளைக்கு வாருங்கள். தொழிலாளர் இலாகாவுக்குச் சேர்ந்தே போவோம்.